வரதராஜன் சார் கதவைத் திறக்கவில்லை

முளைக்காத விதையைக் கிடங்கிலிருந்து வெளியே விட்டார் என்று எழுதி வரதராஜன் சாரை வேலையை விட்டு நீக்கினார்கள். அது பொய். அவர் விதையை விடவில்லை. பூட்டை உடைத்து நாங்கள் எடுத்தோம். விசாரணையில் அதை மறைத்துப் பேசியவன் நான். பழியை யார் மேல் போடுவது என்று யாரும் அலைய வேண்டாம். அதனால்தான் இதை முதலிலேயே எழுதுகிறேன்.

போன வாரம் அவர் மகள் போன் செய்தார். "அப்பா காலைல போயிட்டாங்க. சொல்லணும்னு தோணுச்சு" என்றார். திருத்துறைப்பூண்டிக்கு பஸ் பிடித்துப் போனேன். பந்தலில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க இவரு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வச்சிருந்தவரா?"

"அவருதான். அதுக்கு முன்னாடி வெளிநாட்டு உதவி ஆபீஸ்ல இருந்தாரு. விதை விஷயத்துல மாட்டினாரே, அந்த ஆளு."

அவர் மகள் ஒரு கை தூரத்தில் நின்றார். காதில் விழுந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் நான் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள், குறிப்பாக எங்கள் தெருக்காரர்கள், இதைப் படிக்க வேண்டும்.

நான் அந்த உதவி நிறுவனத்தின் கிடங்கில் சுமை தூக்கினேன். பள்ளிக்கூடம் போனதில்லை. மூட்டையில் அச்சடித்த எழுத்தையும் கிடங்குச் சுவரில் ஒட்டும் டெண்டர் நோட்டீசையும் பார்த்துப் பார்த்து நானாகவே படிக்கக் கற்றேன். எங்கள் கடைமடைப் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்கு விதை, மருந்து தெளிப்பான், பம்புசெட்டு எல்லாம் அந்த நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. வாங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். என்ன வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். விற்க விரும்புகிறவர் விலையை எழுதி உறையில் போட்டு, அரக்கு வைத்து, தகரப் பெட்டியில் போட வேண்டும். பெட்டிக்கும் கிடங்குக் கதவுக்கும் இரண்டிரண்டு பூட்டு. ஒரு சாவி கொள்முதல் எழுத்தரான வரதராஜன் சாரிடம், இன்னொன்று நிறுவனத்தின் பகுதி அதிகாரியிடம். குறித்த நாளில் மூன்று மணிக்குப் பெட்டியை எல்லார் முன்னாலும் திறப்பார்கள். பொருளின் மாதிரியையும் வாங்கி சீல் வைத்துக்கொள்வார்கள். பிறகு வருகிற லோடு அந்த மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒரு நாள் பெட்டி திறந்து நாலைந்து நிமிடம் ஆன பிறகு ஒரு கரைவேட்டிக்காரர் உறையோடு வந்தார். சார் வாங்க மறுத்தார்.

"என்னை யாருன்னு தெரியுமா? மந்திரி வரைக்கும் பழக்கம்."

"ரொம்ப சந்தோஷம். மந்திரி வந்தாலும் மூணு மணிக்கு முன்னாடி வரச் சொல்லுங்க."

நாங்கள் மூட்டைக்குப் பின்னால் திரும்பிச் சிரித்தோம். விற்க வருகிற ஆளிடம் அவர் ஒரு வாய் காபி குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்களோடு உட்கார்ந்து எங்கள் தூக்குச்சட்டி டீயைக் குடிப்பார். மிராசுதார் வீட்டில் பிறந்தவர் இப்படிக் குடிப்பது அந்தக் காலத்தில் எங்களுக்கே கூச்சமாக இருந்தது. கேட்டேன். "உங்ககிட்ட குடிக்கலாம் முருகையா. நீங்க எனக்கு எதுவும் விக்கல" என்றார்.

இவ்வளவு தெரிந்திருந்தும் நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டோம். ஏன் என்பதையும் எழுத வேண்டும்.

நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார்களிடமிருந்து எடுத்த நிலத்தில் எங்கள் தெருவுக்குப் பட்டா கொடுத்திருந்தார்கள். அதற்கு நாங்கள் வாங்கிய அடி, போன கோர்ட்டு, இருந்த ஜெயில் எல்லாம் எங்கள் தெருவுக்குத் தெரியும். அந்த நிலத்தில் பாதி வரதராஜன் சாருடைய அண்ணனிடமிருந்து வந்தது. பட்டாவில் ஒரு நிபந்தனை இருந்தது. சொந்தமாகப் பயிர் வைக்க வேண்டும், தரிசு போட்டால் ரத்து. "வரப்பு வெட்டத்தான் இவனுங்களுக்குத் தெரியும், வெள்ளாமை வைக்கத் தெரியாது. ஒரு வருஷம் பொறுங்க, நிலம் தானா திரும்பி வரும்" என்று அண்ணன் வீட்டு ஆட்கள் டீக்கடையில் எங்கள் காதுபடவே பேசினார்கள்.

எங்களிடம் விதை இல்லை. கூலிக்காரன் வீட்டில் விதைநெல் எப்படி இருக்கும்? நிறுவனம் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டது. டெண்டர் விட்டார்கள், குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போனது, லோடு வந்தது. நான்தான் இறக்கினேன். சார் ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியை விட்டு நெல் எடுத்தார். நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்குத் துண்டில் சுருட்டி வைத்தார். இப்படிப் பல சுருட்டு. சில நாள் கழித்து விரித்து எண்ணினார். பாதிகூட முளைக்கவில்லை. பழைய நெல்லைக் கலந்திருந்தார்கள். கண்ணுக்கு மாதிரியும் லோடும் ஒன்றாகத்தான் தெரிந்தது. சார் நிராகரிப்புச் சீட்டு எழுதி அதிகாரிக்கு அனுப்பினார். அடுக்கின் மேல் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார், கதவைப் பூட்டி அரக்கு வைத்தார். அடுத்த விலை சொன்ன அதிராம்பட்டினத்து மரைக்காயரிடம் வாங்கலாம் என்று மேலே எழுதினார்.

மேலே என்றால் டெல்லி, அதற்கும் மேலே கடல் தாண்டி. ஒரு டெண்டரை ரத்து செய்து அடுத்தவரிடம் வாங்க எத்தனையோ கையெழுத்து வேண்டுமாம். அவர்கள் முறையில் எல்லாம் இருந்தது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும், எப்போது போகும் என்பது மட்டும் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் கடைசியாக வரும், முதலில் நிற்கும். தண்ணீர் வந்துவிட்டது. புரட்டாசி பாதி போய்விட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் நாற்று விட்டாக வேண்டும். கிடங்கு நிறைய விதை, கதவில் பூட்டு. பூட்டியவர் நிலம் இழந்தவரின் தம்பி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் விவசாயக் கூலிகள் சங்கக் கூட்டத்தில் அதை எழுந்து சொன்னவன் நான். "முளைக்கலைன்னு அவரு சொல்றாரு. நாம பார்த்தோமா?" என்றேன். நான் அந்தக் கிடங்கிலேயே வேலை பார்த்தவன். அந்தச் சாக்குத் துண்டை விரித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் தெருவே கிடங்குக்குப் போனது. பகுதி அதிகாரி கூட்டத்தைப் பார்த்ததும் தன் சாவியைச் சாரின் மேஜை மேல் வைத்துவிட்டு, தஞ்சாவூரில் மீட்டிங் என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சார் நாற்காலியைக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

அஞ்சலை அக்கா முன்னால் வந்தார். நடவாள்களுக்குத் தலைவி, அவர் வாய்க்குப் பயப்படாத ஆளே ஊரில் கிடையாது.

"ஏங்க சாரு, இந்த நெல்லு உங்க அண்ணன் வயலுக்கு மட்டும்தான் முளைக்குமா? எங்க வயலைக் கண்டா வெக்கப்படுதோ?"

"எந்த வயல்லயும் முளைக்காதும்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, வேற விதை வரும்."

"நீங்க பொறுக்கச் சொல்றீங்க, வாய்க்கா பொறுக்குமா?"

அவருடைய சாவியைக் கேட்டோம். தர மாட்டேன் என்றார். நான் நாற்காலியோடு அவரைத் தூக்கினேன். இரண்டு மூட்டை தூக்குகிறவனுக்கு அவர் ஒரு கனமா. கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்தேன். கீழே வைக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "முருகையா, அது விதை இல்ல. வெறும் சோத்து நெல்லு. கேளுப்பா" என்றார். "எங்களுக்குச் சோறு எதுன்னு நீங்க சொல்ல வேண்டாம்" என்று கையை உதறினேன். கடப்பாரையால் அவருடைய பூட்டைப் பெயர்த்தோம். மத்தியானத்துக்குள் கிடங்கு காலி.

ஊற வைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி வைத்தோம். மூன்றாம் நாள் வைக்கோலை விலக்கினேன். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. அங்கங்கே வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. மற்றதெல்லாம் ஊதிப் புளித்துக் கிடந்தது. வீட்டுக்கு வீடு இதே கதை. அஞ்சலை அக்கா கை நிறைய அள்ளிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அன்று மாலையே சார் எங்கள் தெருவுக்கு வந்தார். தற்காலிக நீக்க உத்தரவு அதற்குள் அவர் கைக்கு வந்திருந்தது. யாரையும் திட்டவில்லை. "மறுபடி ஊற வைக்காதீங்க, வராது. ரெண்டு பேர் என்கூட அதிராம்பட்டினம் வாங்க" என்றார். நானும் போனேன். மரைக்காயர் அவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன சார், என் விலை கூடுதல்னு தள்ளி வச்சீங்களே. இப்ப ஆபீஸ் வாங்குதா?"

"ஆபீஸ் வாங்கல. இன்னைக்கு நான் வாங்குற ஆளே இல்ல. கேக்க வந்த ஆளு."

மரைக்காயர் விதை ஏற்ற வண்டி கட்டச் சொன்னார். அவரிடம் இருந்த விதை தெருவில் பாதிப் பேருக்குத்தான் வந்தது. அவர்கள் நாற்று விட்டார்கள். மீதிப் பேர் நிலம் தரிசாகக் கிடந்தது. ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணம் வந்து அப்படியே எழுதிக்கொண்டு போனார். அவர்கள் பட்டா ரத்தானது. யார் யார் என்று எழுத மாட்டேன், அவர்களுக்குத் தெரியும். எனக்கு நிலம் தங்கியது. இன்றும் அதில்தான் சாப்பிடுகிறேன்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். சாருடைய நிராகரிப்புச் சீட்டு கோப்பில் இல்லை. அனுப்பினேன் என்றார் சார். வரவில்லை என்றார் பகுதி அதிகாரி. பூட்டை உடைத்தோம் என்று ஒப்புக்கொண்டால் போலீஸ் வரும், கேஸ் வரும், மிச்சமிருக்கிற பட்டாவும் போகும் என்று சங்கத்தில் பேசி வைத்திருந்தோம். என்னைக் கூப்பிட்டார்கள்.

"கதவை யார் திறந்தது?"

"கதவு திறந்துதாங்க இருந்துச்சு. எடுத்துக்கிட்டோம்."

இந்த ஒரு வரிதான் அவரைக் கொன்றது. சாட்சியைக் கேள்வி கேட்கிறீர்களா என்று சாரிடம் கேட்டார்கள். என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

பல வருஷம் கழித்து அவருடைய தட்டச்சுப் பள்ளிக்குப் போய்க் கேட்டேன், ஏன் சார் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று. மிஷினிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "அதை நான் சொன்னா புகார். நீ சொன்னாத்தான் சாட்சி." கொஞ்சம் தட்டினார், நிறுத்தினார். "பெரிய மனசுன்னு நினைச்சுக்காதே. எனக்குக் கோபம் இருக்கு. நீ வருவேன்னு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சொல்கிறேன் சார் என்று வாக்குக் கொடுத்தேன். பட்டா உறுதியாகட்டும் என்று இருந்தேன். பிறகு மகனுக்கு அரசு வேலை கிடைக்கட்டும் என்று இருந்தேன். அப்புறம் எதற்கு இருந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் இருந்தவரை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோபம்தான். அதை ஆற விட மாட்டேன். என் மேல் அவருக்கு இருந்ததை இப்போது என் மேல் நானே வைத்திருக்கிறேன்.

அஞ்சலி என்று பூப்போட்டு முடிக்க இது இடமில்லை. செய்ய வேண்டியது இருக்கிறது.

அந்த நிறுவனம் இங்கே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. தலைமையகம் இன்னும் வெளிநாட்டில் இருக்கிறது. வரதராஜன் சாரின் கோப்பை எடுத்து, விதையை அவர் வெளியே விட்டார் என்ற வரியை அடித்து, அடித்ததைக் கடிதமாக அவர் மகளுக்கு அனுப்ப வேண்டும். எங்கேயாவது இன்னும் விதை வாங்குகிறார்கள் என்றால், தண்ணீர் வரும் தேதியை டெண்டரில் முதல் வரியாக எழுத வேண்டும்.

அன்றைய பகுதி அதிகாரி சென்னையில் ஓய்வாக இருப்பதாகக் கேள்வி. நிராகரிப்புச் சீட்டு என்ன ஆனது என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வயதாகிவிட்டது, மறந்துவிட்டது என்று சொல்ல வேண்டாம். எனக்கும் அதே வயதுதான்.

எங்கள் சங்கம் அடுத்த கூட்டத்தில், பூட்டை உடைத்தது நாம், பொய் சொன்னதும் நாம் என்று தீர்மானம் போட்டு, தெருவில் மைக் வைத்துப் படிக்க வேண்டும். மரைக்காயர் விதையில் நிலம் தங்கியவர்கள் முன் வரிசையில் நிற்க வேண்டும். பட்டா ரத்தாகி நிலம் இழந்தவர்களை யாரும் சமாதானத்துக்கு அழைக்கக் கூடாது. வந்தால் நாற்காலி போட வேண்டும், ஏசினால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அஞ்சலை அக்காவின் பேரன் வக்கீலாக இருக்கிறார். என் வாக்குமூலத்தைப் பத்திரத்தில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஆபீசில் நான் கையெழுத்துப் போடுகிறேன். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அன்றைக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கூப்பிட மாட்டேன். நீங்களாகவே வர வேண்டும்.