பொறுமைக்கார டென்னி

லொரேன் நகராட்சியின் சாலைப் பிரிவில் டென்னி என்கிற டெனிஸ் யானோசிக் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். குளிர்காலம் வந்தால் பனி வாரும் லாரி, கோடை வந்தால் ரோட்டுப் பள்ளங்களுக்குத் தார். ஆறடி உயரம், அதற்கேற்ற தொண்டை. லாரிக்குள் அவர் பேசினால் எதிர் வீட்டில் கேட்கும். அறுபத்தோரு வயதுவரை தெருக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த அந்த மனிதரின் பேர் அந்த வருஷம் ஊரைத் தாண்டியும் பரவியது. அதற்குக் காரணம் லேண்டன் ப்ரூயிட் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன்.

ப்ரூயிட் அந்த வருஷம்தான் எங்கள் ஃபுட்பால் அணிக்கு வந்து சேர்ந்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். ஓக்லஹோமாவில் யாரும் கேள்விப்படாத ஏதோ ஊர். ஒல்லி உடம்பு, நீளக் கை. ஐந்தாவது வாரம் மூத்த ஆட்டக்காரனுக்குத் தோள்பட்டை விலகிவிட, வேறு வழியில்லாமல் இவனை இறக்கினார்கள். நவம்பர் பாதிக்குள் ஆறு ஆட்டம் ஆடி ஒன்றில் ஜெயித்திருந்தான். பதினொரு முறை பந்தை நேராக எதிரணிக்காரன் கையில் எறிந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னி ஆட்டம் பார்ப்பது எஃப்ராயின் நீவ்ஸின் கார் ஷெட்டில். எஃப்ராயினும் சாலைப் பிரிவுதான், இருபது வருஷக் கூட்டாளி. பெரிய டிவி, மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு மடக்கு நாற்காலி, டென்னியின் மனைவி மார்லீன் கட்டிக்கொடுக்கும் உருளைக்கிழங்கு அடைத்த பைரோகிக் கொழுக்கட்டை. இவ்வளவு போதும் அவர்களுக்கு.

"குடுத்துட்டான்யா! தட்டுல வச்சுல்ல குடுக்கறான்!" எஃப்ராயின் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான். "யோவ் டென்னி, உன் புள்ள எறிஞ்ச லட்சணத்தைப் பாத்தியா?"

"நீ பந்தையே பாக்கற. காலைப் பாருய்யா, காலை. போன மாசம்னா அந்த இடத்துல பயந்து பின்னாடி ஓடியிருப்பான். இன்னைக்கு நின்னான். நின்னு எறிஞ்சான்."

"நின்னு எறிஞ்சு என்னத்துக்கு? போய்ச் சேர்ந்தது எதிராளி கைக்கு."

"அது வரும். கண்ணு பழகணும். இருபத்திரண்டு வயசுல நீ என்ன கிழிச்சிட்டிருந்த?"

"நான் கிழிச்சதை டிவில காட்டலையே!"

இந்தச் சண்டை வாராவாரம் நடந்தது. டென்னி விடவில்லை. ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்து, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து, பையனின் கால் எந்த வாரம் எப்படித் திருந்தியது, எந்த வாரம் தலையைத் திருப்பி பந்தைப் பிடிக்க இரண்டாவது ஆளைத் தேடினான் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். திங்கட்கிழமை மதியம் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு போன் போடுவார். போன் போடுகிற எல்லோரும் பையனைத் திட்ட, இவர் ஒருவர் மட்டும் வக்காலத்து வாங்கினார்.

"எல்லாரும் அவன் தப்பு பண்றான்ங்கறீங்க. தப்பு பண்ணாம எவன் கத்துக்கிட்டான்? அவன் மைதானத்துக்குள்ள வரும்போதே கூச்சல் போடறோம். கூச்சல் போட்டா பந்து நேராப் போகுமா? கைதான் நடுங்கும். பச்சப்புள்ளைங்க. அவனுக்கு டைம் குடுங்க."

நிகழ்ச்சிக்காரன் சிரித்தான். "லொரேன்லருந்து பொறுமைக்கார டென்னி! உங்களை மாதிரி அப்பா கிடைச்சிருந்தா நான்கூட குவார்ட்டர்பேக் ஆயிருப்பேன் சார்."

பேர் ஒட்டிக்கொண்டது. மளிகைக் கடையில் நிற்கும்போது, பெட்ரோல் போடும்போது, "என்ன பொறுமைக்காரரே, இந்த வாரமாவது தேறுவானா?" என்று கேட்டார்கள். டென்னிக்கு உள்ளூரப் பெருமைதான்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் ப்ரூயிட் காலில் அடிபட்டுக் கீழே விழுந்தான். அவன் எழுந்திருக்க முடியாமல் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, எங்கள் சொந்த ஜனம் கை தட்டியது. ஒழிந்தான் என்று தட்டியது. எஃப்ராயின்கூட முகத்தைச் சுளித்தான். கணுக்காலில் சுளுக்கு, இரண்டு வாரம் ஓய்வு என்று பிறகு சொன்னார்கள். டென்னி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் எழுதிய முதல் நீளமான கடிதம், நான்கு பக்கம்.

மறுநாள் சாயங்காலம் அதை மார்லீனிடம் நீட்டினார். அவள் பள்ளி அலுவலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். எழுத்துப்பிழை அவள் கண்ணுக்குத் தப்பாது.

"அன்புள்ள லேண்டன், நீ ஒரு ஆட்டத்தில் தோற்றாய், ஒரு வருஷம்கூடத் தோற்கலாம். அதனால் நீ மட்டமானவன் ஆகிவிடமாட்டாய். கூச்சல் போடுகிறவர்களுக்கு நீ யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும். நீ அடி விழும் என்று தெரிந்தும் கடைசி நொடிவரை நிற்கிறாய். அந்தத் தைரியத்தை யாரும் சொல்லித் தர முடியாது..." இப்படிப் போனது கடிதம்.

மார்லீன் நான்கு பக்கத்தையும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பிழை ரெண்டு இருந்துச்சு, திருத்திட்டேன்."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டென்னி. பேரை மட்டும் மாத்திட்டா கிரெக்குக்கே அனுப்பலாம்."

டென்னியின் முகம் சிவந்தது. "அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"அவன் என் புள்ள."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அவள் எழுந்து அடுப்பில் இருந்த முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறப் போய்விட்டாள்.

கிரெக் அவர்களுடைய ஒரே மகன். பள்ளி அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்தவன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, அவனுக்குப் பதினேழு வயதில், பக்கத்து ஊர் அணியுடன் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மாவட்டப் போட்டி. கிரெக் இரண்டு முறை பந்தை எதிரணியிடம் கொடுத்தான். மூன்று புள்ளியில் தோற்றார்கள். டென்னிதான் வண்டியை ஓட்டி அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோது ஆரம்பித்தார். ஊர் முன்னால் தலையைத் தொங்கப் போட வைத்துவிட்டாய் என்றார். உனக்கு முதுகெலும்பே கிடையாது என்றார். கிரெக் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "சாரிப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, பின்முற்றத்தில் டயரைக் கட்டித் தொங்கவிட்டு, தினமும் நூறு பந்து எறிய வைத்தார். விரல் வெடித்தது. மார்லீன் வாசலின் தடவித் துணி சுற்றிவிட்டாள். அடுத்த ஆகஸ்டில் பயிற்சி ஆரம்பித்த அன்று கிரெக் சீருடையைப் பயிற்சியாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். சாப்பாட்டு மேஜையில் டென்னி சொன்னார்: "நான் ஒரு கோழையை வளத்திருக்கேன்." அதற்குப் பிறகு மூன்று மாதம் அவனோடு பேசவில்லை.

இப்போது கிரெக் கொலம்பஸில் ஒரு மருத்துவமனையில், மூச்சுத்திணறல் நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கும் வேலையில் இருந்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு போன் செய்வான். அப்பா எடுத்தால் அங்கே பனி எப்படி, இங்கே பனி எப்படி என்பதோடு பேச்சு முடியும். சண்டை எதுவும் கிடையாது.

கடிதம் மேஜைமேலேயே கிடந்தது. டென்னி தபால்தலை ஒட்டவில்லை. சனிக்கிழமை மார்லீன் கடைக்குப் போயிருந்தபோது நிலவறைக்கு இறங்கி, பழைய கேசட் பெட்டியைத் துழாவினார். வேறொரு பையனின் அப்பா எடுத்துக் கொடுத்த படம், அந்தக் கடைசி ஆட்டம். பத்தொன்பது வருஷமாக யாரும் போட்டுப் பார்த்ததில்லை. ஓடுமோ ஓடாதோ என்றுதான் போட்டார். ஓடியது.

அவர் நினைவில் வைத்திருந்த ஆட்டம் அதில் இல்லை. கிரெக்கைக் காக்க வேண்டிய முன்வரிசைப் பையன்கள் ஒவ்வொரு தடவையும் சரிந்தார்கள். இரண்டு, மூன்று பேர் ஒரே சமயத்தில் கிரெக் மேல் பாய்ந்தார்கள். பையன் ஓடவில்லை. கால்களை ஊன்றி, கடைசி நொடிவரை நின்று எறிந்துவிட்டுத்தான் விழுந்தான். விழுந்து எழுந்து மறுபடி வந்து நின்றான். எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித் தரும் டச்டவுன் இரண்டு எறிந்திருந்தான். அது டென்னிக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ப்ரூயிட்டின் காலை நுணுக்கி நுணுக்கிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது.

கூடவே ஒரு குரல். கேமராவுக்குப் பக்கத்தில் யாரோ ஆரம்பம் முதல் கத்திக்கொண்டிருந்தார்கள். "எறிடா! கையில என்ன, வெண்ணெயா? தூங்கறான் பாரு!" யார் இந்த ஆள், வாயை மூடித் தொலைக்க மாட்டானா என்று எரிச்சலோடு ஒலியைக் குறைக்கப் போனவர், அது தன் குரல் என்று அப்போதுதான் கண்டுகொண்டார். குறைக்கவில்லை. முடியும்வரை கேட்டார். ஒருதடவை கிரெக் பந்தை வாங்குவதற்கு முன்னால் தலையைத் திருப்பி அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. ஆட்ட நாள். டென்னி கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே கொலம்பஸுக்கு வண்டியை எடுத்தார். இரண்டு மணிநேரப் பயணத்தில் எஃப்ராயின் மூன்று தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை.

கிரெக் ஏணிமேல் நின்று கூரை விளிம்பில் அடைத்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தான். அப்பாவின் வண்டியைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே போட்டான்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா. நான் சும்மாதான் வந்தேன்."

அவன் நம்பாமல் பார்த்தான். தனியாக அவர் அங்கே வந்ததே கிடையாது. டென்னி ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறி மறுபடி வேலையைத் தொடர்ந்தான் கிரெக். ஈர இலைகள் அவர் தோளில் விழுந்தன.

"இன்னைக்கு ஆட்டம் இல்ல?" என்றான் மேலிருந்து.

"இருக்கு."

"பாக்கலையா?"

"இல்ல." வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னார். "நேத்து அந்தக் கேசட்டைப் போட்டுப் பாத்தேன். நீ ஆடின கடைசி ஆட்டம்."

கிரெக்கின் கை நின்றது. கீழே இறங்கி வந்து கையுறையைக் கழற்றினான்.

"நானும் உங்களைக் கேட்டேன்பா, ரேடியோல. போன மாசம். ஆஸ்பத்திரி பார்க்கிங்ல கார்ல உக்காந்து முழுசும் கேட்டேன். ஷிஃப்டுக்கு லேட்டாப் போனேன்." குரலில் கோபம் இல்லை. "ரொம்ப நல்லாப் பேசினீங்க. கூச்சல் போட்டா கை நடுங்கும்னு சொன்னீங்கல்ல, அது நெஜம்தான்."

டென்னி தரையைப் பார்த்தார். "உங்கிட்ட நான் அப்படிப் பேசியிருக்கணும்."

"ஆமா," என்றான் கிரெக். "பேசியிருக்கணும்."

பரவாயில்லை விடுங்க என்று அவன் சொல்வான் என்று டென்னி எதிர்பார்த்தார். அவன் சொல்லவில்லை. கண் ஈரமாகியிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "உள்ள வாங்க, சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னான். மருமகள் சூடாக்கிய மிளகாய் பீன்ஸைச் சாப்பிட்டார்கள். பேத்தி தன் பல் விழுந்த கதையைச் சொன்னாள். சட்டைப் பையில் இருந்த கடிதத்தை டென்னி எடுக்கவே இல்லை. வேறு ஒருவனுக்கு எழுதியதை மகன் கையில் கொடுக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. புதிதாக ஒன்று எழுதலாம் என்று திரும்பும் வழியில் நினைத்தார். பல தடவை உட்கார்ந்தார். "அன்புள்ள கிரெக்" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

ப்ரூயிட்டை அடுத்த வருஷம் அணி கைகழுவியது. மேற்கே வேறொரு அணிக்குப் போனான். அங்கே இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாவது வருஷம் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரு டிசம்பர் மத்தியானம், எங்கள் அணிக்கு எதிராகவே நான்கு டச்டவுன் எறிந்தான். டென்னி ஓய்வு பெற அப்போது ஒரு மாதம் இருந்தது. எஃப்ராயினின் ஷெட்டில் அன்று கூட்டம். எல்லோரும் ஆளுக்கு ஒரு பீரை அவர் கையில் திணித்தார்கள்.

"சொன்னியேய்யா! அன்னைக்கே சொன்னியே!" எஃப்ராயின் அவர் முதுகில் அறைந்தான். "ஊரே திட்டுச்சு, நீ ஒருத்தன்தான் கண்டுபிடிச்ச. ஒரு பையனைப் பாத்தாலே உனக்குத் தெரிஞ்சிருது."

"எனக்கு ஒண்ணும் தெரியாது எஃப்ராயின்."

"அடங்குய்யா, ரொம்பத்தான் அடக்கம் காட்டாத!"

கிரெக் இப்போதும் ஞாயிறு காலையில்தான் கூப்பிடுகிறான். சில வாரம், "அப்பா இருக்காரா?" என்று அவனே கேட்பான். பேத்தியின் பள்ளிக்கூடம், மார்லீனின் முழங்கால், புது வண்டி என்று கால் மணிநேரம் போகும். அந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் மறுபடி பேசியதில்லை. போனை வைத்த பிறகு டென்னி சற்று நேரம் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, "சாரிப்பா" என்ற அந்த ஒரு வார்த்தைக்கு, ஏதாவது ஒன்று, என்னவாவது ஒன்று, பதில் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். அன்று கேட் திறந்ததும் கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஷெட்டில் அந்த டிசம்பர் மத்தியானம் எஃப்ராயின் இன்னொரு பீரைத் திறந்து நீட்டினான். டென்னி வேண்டாமென்று தலையசைத்து, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. நாலு மணிக்குப் பனி வாரும் ஷிஃப்ட்.