இஞ்ஞாசிமுத்து கல்லறைக்கு வந்த விருந்தாளி

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இஞ்ஞாசிமுத்துவுக்கு ஒரு கல்லறை உண்டு. ஆள் மட்டும் உயிரோடு குத்துக்கல்லாட்டம் வெளியே நடமாடிக்கொண்டிருந்தார்.

உலகப்போரில் அவர் வெள்ளைக்காரர்களின் குண்டு விமானத்தில் வயர்லெஸ் பார்த்தவர். ரங்கூனில் குண்டு போடப் போன விமானம் மேகத்துக்குள் திசை தப்பி, அடிபட்டு, வயலில் விழுந்தது. எரிகிற விமானத்திலிருந்து இவரை இழுத்துப் போட்டவன் கூடப் பறந்த வெள்ளைக்காரன் ஹாரிஸ். ஜப்பான்காரர்கள் இருவரையும் பிடித்து வெவ்வேறு சிறையில் அடைத்தார்கள். ஹாரிஸ் செத்துவிட்டான் என்று காவலாளி ஒருவன் இவரிடம் சொன்னான்.

காணவில்லை என்று தந்தி வந்ததுமே இங்கே அவர் தகப்பனார் வெறுங்கல்லறை கட்டி, சாமியாரை வைத்து மந்திரித்துவிட்டார். போர் முடிந்து மகன் வந்து நின்றபோது, மந்திரித்த சிலுவையைப் பிடுங்கக் கூடாது என்றது ஊர். அப்படியாப்பட்ட ஊர் எங்களுடையது.

அவரும் மல்லுக்கு நிற்கவில்லை. குழிகூடக் கிடைக்காத ஹாரிசுக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டார். கல்லறைத் திருநாள்தோறும் மெழுகுதிரி ஏற்றுவார். மனைவி லூர்து மேரி தலையில் அடித்துக்கொள்வார்.

"உசுரோட இருக்கவுக கல்லறைக்கு மெழுகுதிரி ஏத்துனா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். காப்பாத்துனவனுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லலையே மேரி. அங்கன போயிச் சொல்லிக்கிறேன்."

1998 கல்லறைத் திருநாளன்று, தேக்கடிக்கு வந்திருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். அவருடைய டிரைவர், மாதாகோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் போய் இஞ்ஞாசிமுத்து கல்லறை எங்கே என்று கேட்டார். கேட்டது கல்லறையைத்தானே. கோயில்பிள்ளை அதைக் காட்டிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார்.

நான் பக்கத்தில் என் தகப்பனார் கல்லறையில் நின்றிருந்தேன். வெள்ளைக்காரர் கையில் பூவோடு வந்து, மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் ஆங்கிலத்தில், "இது இஞ்ஞாசி கல்லறைதானே?" என்றார்.

"ஆமாம், என்னுடையதுதான்" என்று இவரும் ஆங்கிலத்திலேயே சொல்லி நிமிர்ந்தார்.

வந்தவர் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. அவரிடமும் எவனோ ஒரு காவலாளி இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறான். இஞ்ஞாசிமுத்து அந்தக் காலத்தில் சொன்ன ஊர்ப் பேரை மறக்காமல், சொந்த ஊரில் ஒரு கல்லறையாவது வைத்திருப்பார்கள் என்று தேடி வந்திருக்கிறார்.

"ஏலே ஹாரிசு, நீ சாகலையா?"

இது தமிழில் வந்தது. பிறகு இஞ்ஞாசிமுத்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அத்தனை வருசமாகக் கல்லுக்குச் சொன்ன நன்றியை ஆளுக்குச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில்தான்.

ஹாரிசைக் கார் ஏற விடவில்லை. தோளில் கைபோட்டு, கடைத்தெரு வழியாக நடத்தியே வீட்டுக்குக் கூட்டிப்போனார். எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்: "நல்லாப் பாத்துக்கங்கப்பா. இவன்தான் ஹாரிசு. உசுரோட இருக்கான்."