மஞ்சள் முடிச்சுக்குள் இருந்த இரண்டாயிரம்

இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்த சமயம். ராஜபாளையத்தில் ஒரு வங்கிக் கிளையில் நான் ஹெட் கேஷியர். கடைசி வாரம் என்பதால் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. அன்றைக்கு என் கை ஒரு தப்புச் செய்துவிட்டது. கேஷ் கவுண்டரில் உட்காரப் போகிற பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

1. வரும், போகாது

பழைய நோட்டெல்லாம் எங்கே போகிறது என்று கேட்பார்கள். யாரோ ஒரே நாளில் வந்து அள்ளிக்கொண்டு போவதாக நினைப்பு. ஐநூறும் ஆயிரமும் ஒரே ராத்திரியில் செல்லாமல் போனபோது கிட்டத்தட்ட அப்படி நடந்தது உண்மைதான். மற்றபடி அது சத்தமில்லாமல் நடக்கிற காரியம். கவுண்டருக்கு வரும் நோட்டை இரண்டாகப் பிரிப்போம். மறுபடி வெளியே கொடுக்கத் தக்கது ஒரு பக்கம். கிழிசல், அழுக்கு, எண்ணெய் ஏறியது இன்னொரு பக்கம். நிறுத்தப்பட்ட நோட்டு மொறுமொறுவென்று புதிதாக இருந்தாலும் அந்தப் பக்கம்தான். கட்டுப் போட்டு, சீல் வைத்து, ரிசர்வ் வங்கிக்காகப் பணத்தைச் சேர்த்து வைக்கும் கரன்சி செஸ்ட்டுக்கு அனுப்பிவிடுவோம். கடைசியில் எங்கோ ஒரு மிஷினில் தூளாகிவிடும்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் மேற்கு மலையிலிருந்து காற்று வரும். நோட்டை ஒவ்வொன்றாகப் புரட்டும்போது எனக்கு அரைத் தூக்கம் போல ஒரு கிறக்கம் உண்டாகும். ஒன்றில் பால்கோவா நெய் வாசம், ஒன்றில் மில் பஞ்சு, ஒன்றில் மொய்க்கவரின் குங்குமம். இதெல்லாம் யார் யார் மடியில் இருந்ததோ, எந்த ஊர்ச் சந்தைக்குப் போனதோ என்று மனசு அதன்பாட்டுக்கு அலையும். நாலணா நின்றபோது ஊரில் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. சில்லறை டப்பாவைத் திறந்தால் அது இல்லை. எனக்கு மட்டும் ரொம்ப நாள் ஏதோ போலிருந்தது.

"மேடம், சொப்பனம் கண்டது போதும். கேஷை க்ளோஸ் பண்ணுங்க" என்பார் மேனேஜர். அவர் தொழில் அவருக்கு.

2. பழகிய கை

என் முதல் பதினோரு வருஷ சர்வீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில், மார்க்கெட்டை ஒட்டிய கிளையில். பூ விற்கிறவர்களும் காய்கறிக்காரர்களும் பணத்தைத் துணியில் முடிந்து அப்படியே நீட்டுவார்கள். நாமே அவிழ்த்து எண்ணினால்தான் வரிசை நகரும். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, பேச்சையும் விடாமல் முடிச்சை அவிழ்த்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அன்றைக்கு என் முன்னால் வந்தவர் பக்கத்துத் தேவதானத்துக்கார அம்மா. பெயர் முத்துமாரி. ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கவுண்டரில் வைத்தார்.

"மேடம், ஒரு சந்தேகம் கேக்கணும். செத்த நேரம் கேளுங்க. இது சாமிக்கு நேந்து முடிஞ்சது. உள்ள ரெண்டாயிரம் இருக்கு. அவுக்காமலே மாத்த முடியுமான்னு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. என் கை அவிழ்த்துவிட்டிருந்தது. நோட்டு மடிப்புக் கலைந்து கிடந்தது. கூட வைத்திருந்த ஒரு ரூபாய்க் காசு மேஜையில் உருண்டது.

"ஐயோ, அவுத்துட்டீகளே!"

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "விடுத்தா, துணிதான, மறுபடி முடிஞ்சுக்க" என்றார்.

"நீரு சும்மா இரும்யா! எம்புள்ள வாழ்க்கை அதுக்குள்ள இருக்கு" என்று அவர் மேல் பாய்ந்தார் முத்துமாரி.

மகன் கருப்பசாமிக்குப் பட்டாளத்தில் வேலை கிடைக்க வேண்டும் என்று அய்யனாருக்கு முடிந்து வைத்த பணம். கிடைத்ததும் முடிச்சை அவிழ்க்காமல் உண்டியலில் சேர்க்க வேண்டும். அவன் இரண்டு தடவை தோற்றிருந்தான். வயசுப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. திங்கட்கிழமை ஓட்டத் தேர்வு. அதற்குள் நோட்டு போகிறது என்று சேதி வந்துவிட்டது. போகிற நோட்டைச் சாமிக்கு எப்படிப் போடுவது என்றுதான் பாவம், கேட்க வந்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டேன். நாலு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து, காசையும் சேர்த்து முடிந்து கொடுத்தேன். அத்தனை வருஷம் அவிழ்த்த கைக்கு, ஒரு முடிச்சுப் போட இரண்டு மூன்று தடவை வேண்டியிருந்தது. அவர் வாங்கிக்கொண்டு, "எம்மகனுக்கு மட்டும் ஏதாச்சும்..." என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எந்த மைதானத்தையோ ஒரு பையன் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பது கண்ணிலேயே நின்றது. ஒரே கட்டை மூன்று தடவை எண்ணினேன்.

3. முத்துமாரி திரும்பி வந்தது

இரண்டு மாதம் கழித்து வந்தார். கவுண்டருக்கு வெளியே என்னைக் கூப்பிட்டார்.

"பயலுக்குக் கிடைக்கல மேடம். கடைசி ரவுண்டுல கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சாம்."

"என் கை அவசரத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்குத்தான் வந்தேன். நீங்க அவுக்கதுக்கு முன்னாலயே நான் அவுத்துட்டேன் மேடம். நோட்டு போகுதுன்னு டிவியில சொன்ன அன்னிக்கே. உள்ள வச்சது ஐநூறா ரெண்டாயிரமான்னு மறந்து போச்சு. பாத்துட்டுப் பொறவு முடிஞ்சு வச்சேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல. நீங்க அவுத்ததும் அழுதேன்ல, அதுல பாதி, அப்பாடா, பழி நம்மள விட்டுச்சுன்னு வந்த அழுகை. இப்ப பய வீட்டுல உக்காந்து, பேங்க்கார அம்மா அவுத்ததாலதான் போச்சுன்னு உங்கள வையுதான். கேக்க மாட்டாம வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? இரண்டு மாதம் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் நிமிர்ந்தேன். அவர் கைவிரல்கள் முந்தானை நுனியை முடிந்து அவிழ்த்து, முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தன.

"மகன்ட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படி மேடம் சொல்வேன்? பெத்தவளே கெடுத்துட்டான்னுல நெனைப்பான்."

"சொல்லாதீங்க. பழி என் மேலேயே இருக்கட்டும். அவன் தினமும் உங்க கையால சாப்பிடணும். என்னை வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்த்தா அதிகம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். யார் எதை நீட்டினாலும், "அவிழ்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். வரிசை கத்தினால் கத்தட்டும்.

கருப்பசாமி இப்போது ஒரு மில்லில் சூப்பர்வைசர். சம்பளம் எங்கள் கிளையில்தான். நான் ஓய்வு பெறும்வரை ஒரு தடவைகூட என் கவுண்டருக்கு வரவில்லை. என் முன்னால் ஆளே இல்லாத நாளிலும் பக்கத்து வரிசையில் பத்துப் பேருக்குப் பின்னால் போய் நின்று, என்னை முறைத்துக்கொண்டிருப்பான். நான் தலையைக் குனிந்து நோட்டை எண்ணுவேன்.