யுவராணி பூட்டிய இரண்டாம் கம்பி

மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை எந்தத் திருவிழா மேடையில் பேஸ் கிதார் அதிர்ந்தாலும் அதற்குக் கம்பி பூட்டியது யுவராணியின் கைதான். அவள் பூட்டிய கம்பி ஒருமுறை அதிர்ந்த அதிர்வில், நாலு நாளில் விளைய வேண்டிய உப்பு ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாக விளைந்துவிட்டது. சரி, உப்பு விஷயம் பொய். திருவிழா விஷயமும் கொஞ்சம் ஊதியதுதான். அந்த நீளத்துக்குள் பேஸ் கிதார் இருப்பதே ஆறு. ஒன்று கழுத்து வளைந்து ஆணியில் தொங்குகிறது. இன்னொன்றின் சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார். மிச்சம் நான்குக்கும் கம்பி மாற்றுவது அவள்தான். இதில் ஊதல் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் தொழில் தையல். மரக்காணம் கடைத்தெருவுக்குப் பின்னால் வீட்டு முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறாள். வாசிக்கிறவன் அவள் புருஷன் இருசப்பன். விடிந்தால் உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாருவான். திருவிழாக் காலத்தில் நடராசனின் உப்புக்காற்று இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிப்பான். அவன் கிதார் இடையஞ்சாவடியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. கறுப்பு நிறம், பிணம் கனக்கிற கனம்.

கல்யாணமான புதிதில் கம்பியையும் அவனேதான் மாற்றினான். பதினைந்தாம் நாள் புதுக்கம்பி துருப்பிடித்தது. இருபது வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறிய கை. வியர்வையே உப்பளத்து நீர் மாதிரி இருக்கும். சீயக்காய் போட்டுப் பார்த்தான், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தான். அவன் கலக்கிய மோருக்குத் தனியாக உப்பே போட வேண்டாம் என்று யுவராணி தெருவுக்கே சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, வாசிப்பது அவன் பாடு, வாசித்தபின் துடைப்பதும் அவன் பாடு, பூட்டுவது தன் பாடு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தையல்காரி கை ஈரமாக இருந்தால் பட்டுத்துணி கறையாகும். எப்போதும் பவுடர் பூசிய கை அது.

பூட்டுவதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. அவள் பிறந்தது மீனவர் குப்பத்தில். அப்பாவின் தூண்டில் கயிற்றை முறுக்கு விழாமல் சுருட்டிப் பழகியவள். பேஸ் கம்பி என்பது சுண்டுவிரலில் கால்வாசித் தடிமனில், உள்ளே ஒரு கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பி சுற்றியது. முறுக்கு விழுந்தபடியே பூட்டிவிட்டால் ஜென்மத்துக்கும் அது ஊமைதான். அவள் கம்பியைக் காற்றில் தொங்கவிட்டு, தானாகச் சுழன்று ஓய்கிறவரை காத்திருப்பாள். சுருதி சேர்க்கப் போனில் செயலி இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவளோ கிதாரின் தோளில் தாடையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எலும்பால் கேட்பாள். சாலையில் போகிற புதுச்சேரி பஸ்ஸின் ஹாரன் நேற்றைவிட இன்று கால் சுருதி இறங்கியிருக்கிறது என்று சொல்கிற காது. டிரைவரிடம் விசாரித்தவர் யாரும் இல்லை.

போன ஆடி மாதம் பொம்மையார்பாளையத்தில் கூழ் ஊற்றும் திருவிழா. கச்சேரிக்கு மூன்று நாள் முன்பு நடராசன் வீட்டுக்கே வந்தார். இருசப்பனின் பேஸ் ஈரச்சாக்கைத் தடியால் அடிப்பதுபோல் கேட்கிறது என்றார். கீபோர்டு வாசிக்கும் ஜெனிஷ் இடது கையாலேயே பேஸ் போட்டுவிடுகிறானாம், மேடையில் ஒரு ஆள் இடமும் மிச்சமாம். மனிதர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். கச்சேரியன்று பொம்மையார்பாளையத்தில் சாயங்காலம் நாலு மணிக்குச் சவுண்டு செக். அதில் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லிப் போனார்.

இருசப்பன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அதுதான் யுவராணிக்குப் பயமாக இருந்தது. மழைக்காலத்தில் பாத்தி முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது உப்பளத்துக்காரனுக்கு வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். ஒத்திகை என்று ஒன்று இருந்ததால்தான் இருசப்பன் அந்த மாதங்களில் முகம் மழித்தான், தலை வாரினான், நாலு பேரோடு சண்டை போட்டான். பலகை பிடித்துக் குனிந்த முதுகு கிதாரை மாட்டினால் நிமிரும். அந்த நிமிர்வு போய்விடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனை இல்லை.

அன்றே அவள் ஆர்டர் போட்ட புதுக்கம்பி கச்சேரியன்று காலைதான் கூரியரில் வந்தது. பழைய கம்பியைக் கழற்றி, கிதாரின் விரல்பலகையைத் துடைத்து, நான்கு புதுக்கம்பிகளையும் தொங்கவிட்டு முறுக்கு ஓயவைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு மணப்பெண்ணின் அம்மா கை இறுக்குகிறது என்று ஜாக்கெட்டோடு வந்து நின்றாள். யுவராணி வாசலுக்குப் போய் ஒரு கால் மணி நேரம் அந்த அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினாள்.

அதற்குள் இருசப்பன் உதவி செய்திருந்தான். கையில் உப்பு இருக்கிறதே என்று துண்டைச் சுற்றிக்கொண்டு, நல்ல எண்ணத்தோடு கட்டிங் பிளேயரை எடுத்து, கிதாரின் தலையில் கம்பியைச் சுற்றி முறுக்குகிற முதல் கீவரைக்கும் அதற்குமேல் நாலு விரல்கடையும் அளந்து முதல் கம்பியை வெட்டியிருந்தான். அதுவரை சரி. உப்பளத்தில் பாத்தி கட்டும்போது ஒரு கயிற்றை அளந்து வெட்டினால் மற்றதெல்லாம் அந்தக் கயிறுதான். ஒரு பாத்தி ஒரு விரல் கூடினாலும் மேஸ்திரி திட்டுவார். அந்த வழக்கப்படி முதல் கம்பியைப் பக்கத்தில் வைத்து இரண்டாம் கம்பியையும் அச்சாக அதே நீளத்துக்கு வெட்டிவிட்டு, மூன்றாவதைக் கையில் எடுத்திருந்தான்.

ஆனால் கிதாரின் தலையில் கீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. இரண்டாவது கீ முதலாவதைவிட இரண்டு விரல்கடை தள்ளி இருக்கிறது.

யுவராணி பிளேயரை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"ஏன்யா, நாலு பொம்பளைக்கு ஒரே அளவுல ஜாக்கெட் வெட்டுவாங்களா?"

அவன் கம்பியைப் பார்த்தான், கிதாரைப் பார்த்தான். புரிந்ததும் துண்டு சுற்றிய கையோடு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். மழைக்காலத்தில் உட்காருகிற அதே இடம்.

"விடு யுவராணி," என்றான். "ஜெனிஷ் நல்லாதான் வாசிக்கிறான்."

அவள் இரண்டாம் கம்பியைப் பூட்டிப் பார்த்தாள். கீயில் முக்கால் சுற்றுக்கூட வரவில்லை. இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. புதுச்சேரிக்குப் போய் வேறு செட் வாங்கிவர நேரம் இல்லை. பழைய இரண்டாம் கம்பியைப் போட்டால் மூன்று பேர் பேசும்போது ஒருவர் இருமுகிற கதையாகும். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

வேறு ஆளாக இருந்தால் கிதாரின் தலையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலைப்பக்கம் துணி போதவில்லை என்றால் தையல்காரி அடிமடிப்பைப் பிரித்துப் பார்ப்பாள். யுவராணி கிதாரைக் குப்புறப் போட்டாள். கம்பிகள் அதன் முதுகில் உள்ள நாலு ஓட்டைகளில் நுழைந்து, உடம்பைத் துளைத்து முன்பக்கம் ஏறி, இரும்புத் தகடு ஒன்றின் மேல் வளைந்து போகின்றன. வெள்ளைக்காரர் அப்படித்தான் மாட்டியிருந்தார். பதினோரு வருஷமாக அவளும் அப்படியே மாட்டிவந்தாள். உடம்பைத் துளைத்து வருகிற அந்த நீளம் சும்மா போகிற நீளம்தானே என்று அவளுக்குத் தோன்றியது.

கிதாரை நிமிர்த்தி, தகட்டின் பின்விளிம்பை, அதன் வால்பக்கத்தை, வெளிச்சத்தில் பார்த்தாள். அழுக்கு அடைத்துக் கறுப்பாக நாலு புள்ளிகள். கோணி ஊசியை எடுத்துக் குத்தினாள். உப்பும் தூசியும் பொலபொலவென்று கொட்டின. குத்தக் குத்த ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. கம்பியை முதுகுவழி விடாமல் நேராக வாலிலிருந்தே மாட்டிக்கொள்ள, கிதாரைச் செய்தவன் அப்போதே வழி வைத்திருக்கிறான். அழுக்குதான் இத்தனை நாள் அதை மறைத்து வைத்திருந்தது.

கம்பியின் நுனிக் குமிழ் அந்த ஓட்டையில் போய் உட்கார்ந்தது. தலைப்பக்கம் இரண்டு விரல்கடை தாராளமாக நீண்டது. கீயில் ஒன்றே முக்கால் சுற்று வந்தது. சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழே கீழே இறங்கும்படி விரலால் அமுக்கிக்கொண்டே முறுக்கினாள். பிறகு கம்பியை நடுவில் பிடித்து இழுத்தாள், சுருதி இறங்கியது. மறுபடி ஏற்றினாள், மறுபடி இழுத்தாள். நாலாம் முறை கம்பி அசையவில்லை. ஒன்றுபோல இருக்கட்டும் என்று மற்ற மூன்றையும் வாலிலிருந்தே மாட்டினாள். சுவரோரம் இருந்தவனை எழுப்பி, குழுவின் கறுப்புச் சட்டையை மாட்டச் சொன்னாள்.

மரக்காணத்திலிருந்து பொம்மையார்பாளையம்வரை அவன் வண்டி ஓட்ட, அவள் பின்னால் கிதாரைக் குழந்தைபோல மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். வழி நெடுக அவள் கட்டைவிரல் இரண்டாம் கீயின் மேலேயே இருந்தது. அனுமந்தை தாண்டும்போது, வழுக்குகிறதா என்று அவன் கேட்டான். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

கோயிலுக்கு எதிரே மேடை, சவுக்குக் கம்பம், தகரக் கூரை. நாலு மணி வெயிலில் நடராசன் மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேண்டுமென்றேதான் அவர் இரண்டாம் கம்பியில் நிற்கிற ஒரு பாட்டைச் சொன்னார் என்று யுவராணிக்குத் தோன்றியது. அவருக்குக் கம்பி கதை தெரியாது, இருந்தாலும் தோன்றியது. அவள் மேடைக்குக் கீழே கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். காதைவிடக் கம்பம் சீக்கிரம் சொல்லும்.

இருசப்பன் வாசித்தான். கம்பம் அவள் உள்ளங்கையில் உறுமியது. தகரக் கூரையில் இருந்த காக்கைகள் எழுந்து கடல்பக்கம் பறந்தன. அண்டாவில் கூழ் மூன்று முறை தளும்பியது. நாலு வரி, எட்டு வரி, கம்பி வழுக்கவில்லை. சாக்குச் சத்தம் போய், வயிற்றுக்குள் யாரோ அடியெடுத்து வைத்து நடப்பதுபோல இருந்தது. ஜெனிஷ் கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்தான். கொஞ்ச நேரம் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டான்.

பாட்டு நின்றதும் நடராசன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. ஊர்த்தலைவருக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையை எடுத்து யுவராணியின் தோளில் போர்த்தி, இந்தக் குழுவுக்கு முதுகெலும்பே நீதான் என்று மைக்கில் அறிவித்தார்.

நான் கதையை இந்த இடம்வரை சொல்லிக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த யுவராணி மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"பொன்னாடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு எறங்கவே இல்ல. 'இருசப்பா, வர்ற வெள்ளிக்கிழம இடையஞ்சாவடில காதுகுத்து, கறுப்புச் சட்டய தேச்சு வை'ன்னாரு. அவ்ளோதான்."