அக்கா கழுவிய புட்டிகள்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். வழிகாட்டும் பேராசிரியரே அவளைவிட நாலு வயது சின்னவர். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள்.

அவள் எடுத்துக்கொண்டது அழற்சி. அடிபட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறதே, அதுதான். ஆண்டவன் உடம்புக்குப் போட்ட காவல் அது. காவல்காரன் அடங்காமல் வீட்டையே உடைத்தால் நோய். அவனை அடக்க ஒரு மருந்து உதவுமா என்று உயிரணுக்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தட்டில் ஒரு வரிசைக்கு எதுவுமே சேர்க்கக்கூடாது. அந்த அணுக்கள் அழற்சி காட்டாமல் சும்மா இருக்க வேண்டும். ஆனால் அவளுடைய வரிசை எப்போதும் லேசாகக் கிளர்ந்தே இருந்தது. இயல்பே அப்படித்தான் போல என்று எழுதி வைத்தாள்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம் இருக்கையில், அணுக்களுக்கு ஊற்றும் திரவம் வைக்கிற புட்டி போதாமல் பக்கத்துக் கூடத்தில் ஒன்று வாங்கி வந்தாள். அந்த வாரம் அந்த வரிசை குழந்தை தூங்குகிற மாதிரிக் கிடந்தது. தான் கழுவி அடுக்கியிருந்த புட்டிகளை அவள் திரும்பிப் பார்த்தாள்.

புட்டி கழுவுகிறவர் வேலையை விட்ட நாளிலிருந்து அவளே கழுவி ஆவியில் வைத்து எடுத்தாள். ஆஸ்பத்திரிப் பழக்கம். அங்கே கிருமி செத்தால் போதும். இங்கே செத்த கிருமியின் மிச்சமே அணுக்களைக் கிளப்பிவிடும். அந்த மிச்சம் ஒழிய வேண்டுமென்றால் புட்டியை நீராவி இல்லாத கடும் சூட்டில் சுட வேண்டும். தெரிந்த வேலைதானே என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

பக்கத்து மேசை மாணவி மெதுவாகச் சொன்னாள்: "எல்லா வரிசையிலயும் ஒரே அளவுதான் கிளர்ந்திருக்கு. அப்படியே எழுதிடுங்கக்கா, யாரு கிளறப் போறா?"

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சாமியைக் கும்பிட்டாள், என்ன கேட்பது என்று தெரியவில்லை. நாளைக்கு இந்த மருந்து யாரோ ஒருத்தர் உடம்புக்குள் போகும் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவள் சொல்லி முடித்ததும் அவர் அவளுடைய நோட்டைக் கடைசிவரை புரட்டினார்.

"எத்தன மாசத்து வேலைக்கா?"

"பதினாலு சார்."

"அதுக்கு முன்னாடி செஞ்சது நிக்குமா?"

"நிக்கும். அது வேற சோதனை, புட்டியும் பழையவர் கழுவினது."

"அப்ப இத அடிச்சிட்டுத் திரும்பச் செய்யுங்க. எனக்கும் இது கண்ணுல படல."

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றதும் கொஞ்ச நேரம் துணி மடித்துக்கொண்டே இருந்தார். பெண்டாட்டி டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், பாவம்.

"இஞ்சினை மாட்டினப்புறம் ஒரு போல்ட்டு கையில மிஞ்சுனா, நானும் மறுபடி பிரிக்கத்தான் செய்வேன்," என்றார் கடைசியில்.

மறுநாள் அரைமணி முன்னதாகவே போனாள். நோட்டில் அந்தப் பதினாலு மாசத்தையும் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு பக்கமாகக் குறுக்கே கோடு போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டாள். எதையும் கிழிக்கவில்லை. முடிய மத்தியானம் ஆயிற்று.