வில்ஃப் நட்ட கல்

லேவர்கோம்ப் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் குன்றின் உச்சியிலுள்ள மூன்று கற்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆதிமனிதன் நட்டவை. ஆனால் ஏற்றம் செங்குத்து, சேறு வழுக்கும், மழை சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஆகவே பாதிப்பேர் அடிவாரத்திலேயே, ஹெஸ்டர் டக்கெட்டின் மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் நான்காவது கல்லோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். கட்டிப்பிடித்துக் கண்ணை மூடுவார்கள். காட்டுப்பூ மாலை சாத்துவார்கள். அதை மாடுகள் தின்னும்.

அந்த நான்காவது கல்லை நட்டது ஹெஸ்டரின் கணவன் வில்ஃப். மாடுகளுக்கு முதுகு அரித்தால் வேலியில் போய் உரசும். உரசினால் வேலி சாயும். கட்டிக் கட்டி அலுத்துப்போனவன், ஓடைக்கரையில் கிடந்த கல்லை டிராக்டரில் இழுத்துவந்து மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நிறுத்தினான். மாடுகள் வேலியை மறந்தன. அடுத்த வாரமே வெளியூர்க்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் எதிரே நின்றார்.

"இது எவ்வளவு பழசுங்க?"

"கல்லுல புதுசு ஏதுங்க?" என்றான் வில்ஃப்.

சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஊருக்கே விஷயம் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வந்தவர் முகத்தில் அடித்தாற்போல் உண்மையைச் சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

போன இலையுதிர்காலத்தில் வில்ஃப் இறந்தான். சாம்பலை ஹெஸ்டர் அந்தக் கல்லடியில் புதைத்தாள். தினமும் பால் கறந்த பிறகு தேநீர்க் கோப்பையோடு போய்க் கல்லில் முதுகைச் சாய்த்து நிற்பாள். அவன் இருந்தபோது நாலுபேர் பார்க்க அவன் கையைக்கூடப் பிடித்தவள் இல்லை. இப்போது அந்தக் கொஞ்ச நேரம் இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது நகராது.

வசந்தத்தில் தொல்லியல் அலுவலகத்திலிருந்து லயனல் ஹெய்ன்ஸ் என்ற இளம் அதிகாரி வந்து ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார். ஹெஸ்டர் நிலத்திலுள்ள கல் தேய்கிறதாம். யாரும் தொடாதபடி சுற்றி வேலி போட வேண்டுமாம்.

"அந்த வழவழப்பைப் பாத்தீங்களா? எத்தனை தலைமுறை கை பட்டிருக்கணும்! யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

மண்டபமே தரையைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் வேலி வராது. ஆனால் வில்ஃப் கடைசிவரை சிரிக்காமல் காப்பாற்றிய வேடிக்கை செத்துப்போகும். ஏமாற்றுக்காரன் என்று பேப்பரில் போடுவார்கள். ஹெஸ்டர் எழுந்தாள்.

"எல்லாருக்கும் டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

மதுக்கடை மாரிஸ் பின்னாலேயே வந்தான். "ஏன் ஹெஸ்டர், சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீ சொல்லேன்."

"நானா? பாவம், அந்தப் பையன் படமெல்லாம் வரைஞ்சு எடுத்துட்டு வந்திருக்கான்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு பிஸ்கட் தட்டை எடுத்துட்டுப் போ."

வேலி வந்தது. ஆளுயரம், மரக்கம்பு, பூட்டு. அன்று மாலை ஹெஸ்டர் வேலிக்கு வெளியே நின்று தேநீர் குடித்தாள். கல் எட்டவில்லை. அழுதாள்.

மேபெல் என்ற கிழட்டுப் பசு வந்தது. கல்லைப் பார்த்தது. முதுகு அரித்தது. வேலியில் உரசியது. ஹெஸ்டர் விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் மொத்த மந்தையும் சேர்ந்து வேலியைப் படுக்க வைத்துவிட்டது. மறுபடி கட்டினார்கள். மறுபடி விழுந்தது.

லயனல் நேரில் வந்தார். ஹெஸ்டர் கல்லில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாடுங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"முதுகு அரிக்குதுங்க."

"அதுக்கு வேற வழியே இல்லையா?"

"என் வீட்டுக்காரர் ஒரு வழி பண்ணி வெச்சிருந்தாரு. நீங்கதான் அதைச் சுத்தி வேலி போட்டுட்டீங்க."

லயனல் கல்லைப் பார்த்தார். வழவழப்பான இடம் சரியாகப் பசுவின் விலா உயரத்தில் இருந்தது. அதில் பழுப்பு முடி ஒட்டியிருந்தது. அவர் காது சிவந்தது. விழுந்த கம்புகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்.

அப்போது பூமாலையோடு ஒரு தம்பதி வந்தார்கள். அதிகாரி என்று பார்த்தாலே தெரிந்ததால் அவரிடமே கேட்டார்கள். "சார், இது எவ்வளவு பழசு?"

லயனல் ஹெஸ்டரைப் பார்த்தார். ஹெஸ்டர் கோப்பைக்குள் பார்த்தாள்.

"கல்லுல புதுசு ஏதுங்க?" என்றார் லயனல், சிரிக்காமல்.

அந்தப் பெண் கண் கலங்கி ஹெஸ்டரிடம் வந்தாள். "கொஞ்சம் நகர்றீங்களா? நாங்க கட்டிப்பிடிச்சுக்கணும்."

"இருங்க," என்றாள் ஹெஸ்டர். "நான் இன்னும் முடிக்கல."