மருதாயி சொன்ன மூன்று காரணங்கள்

கிளியூர்ப் பக்கம் மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் வெங்கடேஷின் மகள் சிவரஞ்சனிக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடுகிறாள் என்பது வீட்டார் சொல்வது. தேடுவதை அவள் போன வருஷமே நிறுத்திவிட்டாள் என்பது உண்மை. அந்தச் சமயம் பார்த்துத்தான் சேலத்தில் இளைஞர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். தடுப்பூசி பற்றி ஊருக்குள் சுற்றும் வதந்திகளை எப்படி முறியடிப்பது என்பது பாடம். பதினாறு வதந்திகள், பதினாறு பதில்கள். சிவரஞ்சனி எல்லாவற்றையும் மனப்பாடமாகக் கற்றுக்கொண்டு மலையேறினாள்.

பிள்ளைக்கு ஊசி போடாதவர்கள் பட்டியலில் ஊர் நர்ஸம்மா அவளுக்குக் கொடுத்த முதல் பெயர் மருதாயி. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். கைக்குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியும் கக்குவான் இருமலைத் தடுக்கும் முதல் ஊசி போடவில்லை. அடிவாரத்தில் ஒரு சிசுவுக்கு அதே கக்குவான் வந்து, மூச்சுவிட முடியாமல் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்ற செய்தி அதற்குள் மலைக்கு வந்திருந்தது. இந்தக் குழந்தைக்கும் வந்துவிடுமோ என்று சிவரஞ்சனிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

முதல் வாரம் போனாள். ஊசி போட்டால் பின்னால் குழந்தை பிறக்காதாமே என்றாள் மருதாயி. சிவரஞ்சனி பதில் சொன்னாள். மருதாயி டீ கொடுத்தாள்.

இரண்டாம் வாரம், ஊசிக்குள் சிப் இருக்கிறதாமே என்றாள். இந்த லைன் வீடுகளில் போன் பேசவே பாறை மேல் ஏறி நிற்க வேண்டும், சிப் இருந்து யாருக்கு என்ன சேதி அனுப்பப் போகிறது என்று சிவரஞ்சனி கேட்டாள். மருதாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயோடு முறுக்கும் கொடுத்தாள். புதன்கிழமை ஊசி போடும் அங்கன்வாடிக்கு மட்டும் வரவில்லை.

மூன்றாம் வாரம், எங்கேயோ ஒரு பிள்ளைக்குக் கால் விளங்காமல் போய்விட்டதாமே என்றாள். எந்த ஊர், யார் பிள்ளை என்று சிவரஞ்சனி கேட்டதற்கு, ஊர் பேர் தெரியாது, நல்ல குடும்பமாம் என்று பதில் வந்தது.

நான்காம் வாரம் போனபோது தொட்டிலில் குழந்தை இருமியது. சாதாரணச் சளிதான். ஆனால் சிவரஞ்சனிக்குப் பதினாறு பதில்களும் மறந்துபோயின.

“ஏனுங்கக்கா, இதுல எதைத்தான் நீங்க நம்பறீங்க?”

“எதையும் நம்பல கண்ணு.”

“அப்பறம் ஏனுங்க சொன்னீங்க?”

“ஊடு தேடி வந்து கேக்கற. ஏதாச்சும் சொல்லோணுமில்ல.” மருதாயி குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “மூத்தவனுக்கு ஊசி போட்டப்ப ரெண்டு நாளு காய்ச்சல். வேலைக்குப் போகல. மூணா நாளு போனா, நான் பழம் பறிக்கற வரிசைய வேற ஆளுக்குக் குடுத்துப்போட்டாங்க. அந்த சீசன் முச்சூடும் பாறைச் சரிவுல, காலு நிக்காத எடத்துல பறிச்சேன். நொம்பக் கஷ்டம்.”

“யாருங்க அப்படிக் குடுத்தது?”

மருதாயி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். சுத்தமான பிறகும் துடைத்தாள்.

“உங்கப்பாதான் கண்ணு. அதை எப்படி உன்கிட்டச் சொல்றது?”

சிவரஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரமாக வாட்ஸ்அப் வதந்திகளோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். காரணமோ தினமும் தன் பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரிச் சோறு சாப்பிட்டிருக்கிறது. வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வெங்கடேஷ் மறுக்கவில்லை.

“பழம் மரத்துல காத்துக்கிட்டு இருக்குமா சாமி? உதிர்ந்து போயிரும். வரிசைக்கு ஆளு வேணும்.”

“அந்த ரெண்டு நாளைக்கு மருதாயிக்காவுக்குப் பதிலா வேற ஆளு வந்தா, வரிசை அவங்களுக்கே இருக்குங்களாப்பா?”

“இருக்கும்.”

“அப்ப நான் வர்றேனுங்க.”

சொன்ன வார்த்தையை மாற்றும் பழக்கம் வெங்கடேஷுக்குக் கிடையாது. அவரை நல்ல ரைட்டர் என்று முதலாளி சொல்வது அதனால்தான். மற்றவர்கள் சொல்லாததும் அதனால்தான்.

அடுத்த புதன்கிழமை மருதாயி குழந்தையோடு அங்கன்வாடிக்குப் போனாள். சிவரஞ்சனி இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும் என்று பக்கத்து வரிசைக் கலா சொல்லிக் கொடுத்தாள். சிவரஞ்சனி பழத்தோடு காயை எடுத்தாள், காயோடு இலையை எடுத்தாள், மத்தியானத்துக்கு மேல் இரண்டு கிளைகளையும் எடுத்தாள். சாயங்காலம் விரல் மடங்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மருதாயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வரிசையைப் பார்த்தாள். சாக்குக்குள் கைவிட்டுப் பச்சைக் காய்களைப் பொறுக்கி வெளியே போட ஆரம்பித்தாள்.

“காய்ச்சல் உட்டுருச்சுங்களாக்கா?”

“காத்தாலயே உட்டுருச்சு.”

“அப்ப ஏனுங்க வேலைக்கு வரல?”

“ரெண்டு நாளுன்னு நீதான சொன்ன? தூங்குனேன். கல்யாணத்துக்கு அப்பறம் பகல்ல தூங்குனது இன்னிக்குத்தான்.”

குழந்தை நன்றாக இருந்தது. சிவரஞ்சனி அதன் காலைப் பிடித்துக் கொஞ்சினாள். பரீட்சையில் பாஸானபோதுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

சாயங்காலம் எடை போடும் இடத்தில் வெங்கடேஷ் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மகளின் சாக்கைத் தராசில் வைத்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார். அப்போது கலா முன்னால் வந்து, “எம்பொண்ணுக்கு நாலு மாசங்க” என்று சிவரஞ்சனியிடம் சொன்னாள். அவள் பின்னாலிருந்து அமலி, “எம்பையனுக்கு ரெண்டரை” என்றாள். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். குழந்தை பிறக்காது என்றோ சிப் என்றோ ஒருத்தியும் பேசவில்லை. பிள்ளைகளின் வயதை மட்டும் சொல்லிவிட்டு நின்றார்கள்.

“சரிங்க, அஞ்சு பேருக்கும் நானே வர்றேன்” என்றாள் சிவரஞ்சனி.

ஐந்து பேருக்குப் பத்து நாள். வெங்கடேஷ் தோட்டத்தின் பக்கம் திரும்பி, மகள் கடந்து வந்திருந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“இனிமே புள்ளைக்கு ஊசி போட்டா, ரெண்டு நாளைக்கு வரிசை அவங்கவங்களுக்கே இருக்கும். யாருக்கும் மாத்திக் குடுக்க மாட்டேன். ஆனா இவ மட்டும் தோட்டத்துக்குள்ள கால் வெக்கக் கூடாது.”